பூட்டிய அறையும் பக்கத்து வீட்டு மொழியும்

பிள்ளை, நீர் அனுப்பிய கேள்வி இது: “சந்திரமுகியை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை, சேர். அதற்கு மூலம் மணிச்சித்திரத்தாழ் என்கிறார்கள். கதை ஒன்றுதானே? தெரிந்த கதையைத் தெரியாத மொழியில் எதற்குப் பார்க்க வேண்டும்? இரண்டில் எது திறம்?”

நாடகமும் அரங்கியலும் பாடம் எடுத்த பிள்ளை இப்படிக் கேட்கலாமா என்று முதலில் சினம் வந்தது. பிறகு, படிப்பித்தவன் நான்தானே, பழியில் பாதி என் பங்கு என்று ஆறிக்கொண்டேன். ஒரு சொல்லில் பதில் வேண்டுமென்றால், மலையாளப் படம்தான் திறம். ஆனால் எனக்குப் பொறுக்காதது “கதை ஒன்றுதானே” என்ற அந்த இடம். நடக்கிற சம்பவங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவை யாருக்கு நடக்கின்றன, யாருடைய பக்கத்தில் உட்கார்ந்து நாம் அவற்றைப் பார்க்கிறோம் என்பது அடியோடு மாறிவிட்டது. அதை விரித்துத்தான் சொல்ல வேண்டும். தேநீர் ஒன்று ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியும்.

முதலில் வரலாற்றை முடித்துவிடுகிறேன். மணிச்சித்திரத்தாழ் 1993 டிசம்பரில் வந்தது. இயக்கியவர் பாசில், எழுதியவர் மது முட்டம். ஆலப்புழைப் பக்கத்தில் முட்டம் என்று ஓர் ஊர். அங்கே ஆலும்மூட்டில் என்ற பழைய குடும்ப வீட்டில் நடந்த ஒரு துயரச் சம்பவமே அவருக்கு வித்து. கங்காவாக ஷோபனா, கணவன் நகுலனாகச் சுரேஷ் கோபி, உளமருத்துவர் சன்னியாக மோகன்லால். சிறந்த நடிகைக்கான தேசிய விருது ஷோபனாவுக்குக் கிடைத்தது. இதை பி. வாசு முதலில் 2004 இல் கன்னடத்தில் ஆப்தமித்ரா என்று எடுத்தார். அதில் கங்காவாக நடித்த சௌந்தர்யா, படம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னர் விமான விபத்தில் இறந்துபோனார். மறு ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு அதே வாசு தமிழில் சந்திரமுகியைக் கொண்டுவந்தார். ஆகவே சந்திரமுகியை மலையாளப் படத்தின் பிள்ளை என்பதைவிடப் பேரப்பிள்ளை என்பதே பொருத்தம். 2007 இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்தார். அவர் மூலப் படத்திலேயே பாசிலுக்குத் துணையாக ஒரு பிரிவைப் படமாக்கியவர். சிபி மலையில், சித்திக்–லால் ஆகியோரும் அப்படித் தோள் கொடுத்தார்கள். இத்தனை பேர் கை வைத்தும் படம் ஒரே கையால் எழுதியது போல இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

சம்பவம் இதுதான். பழைய வீடொன்றில் ஒரு பகுதி பூட்டிக் கிடக்கிறது. முன்னொரு காலத்தில் கொல்லப்பட்ட ஆடல்மகளின் ஆவி உள்ளே இருப்பதாக ஊர் நம்புகிறது. கணவனோடு அங்கே குடிவரும் கங்கா பூட்டைத் திறக்கிறாள். உண்மையில் உள்ளிருந்து எதுவும் வெளியே வரவில்லை. கங்காதான் செத்தவளின் கதைக்குள் போய்விடுகிறாள், தன்னை அறியாமலே அவளாகிவிடுகிறாள். அதைக் கண்டுபிடித்து அவளை மீட்பவர் ஓர் உளமருத்துவர்.

இனி, பேய் பேசும் மொழிக்கு வருவோம். என் பதிலின் பாதி இதில்தான் இருக்கிறது.

மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மாடம்பள்ளி என்ற அந்த வீட்டின் பழைய தலைவர் சங்கரன் தம்பி அவளைத் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். அவளுடைய மனமோ எதிர்வீட்டில் இருந்த இராமநாதன் என்ற நடனக்காரனிடம். ஒரு துர்க்காஷ்டமி இரவில் தம்பி அவளைக் கொன்றுவிடுகிறார். வீடு மலையாள வீடு, குடும்பம் மலையாளக் குடும்பம், அதற்குள் அடைபட்டுச் செத்தவள் தமிழச்சி. எனவே அந்தப் படத்தில் பேய் பேசுவது தமிழ். அவள் ஆடுகிற பாட்டின் தமிழ் அடிகளை எழுதியவர் நம் வாலி.

கேரளத்தில் இருந்து இதைப் பார்ப்பவருக்குத் தமிழ் எட்டாத மொழி இல்லை. பாதி விளங்கும், பாதி விளங்காது. சந்தையிலும் ரயிலிலும் ரேடியோவிலும் கேட்டுப் பழகிய அந்த மொழி, நடுச்சாமத்தில் தன் வீட்டு மருமகளின் வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும்? முற்றிலும் அறியாதது நம்மை அவ்வளவு வெருட்டுவதில்லை. அறிந்தது இடம் மாறி வந்து நின்றால்தான் ஈரக்குலை நடுங்கும். மது முட்டம் அதைச் சரியாகப் பிடித்தார்.

தமிழில் எடுக்க வந்தவர்களுக்கு இதிலே ஒரு சங்கடம். வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள், பேயும் தமிழ் பேசினால் கங்கா எப்போது கங்கா, எப்போது மற்றவள் என்று எப்படித் தெரியும்? கன்னடத்தில் செய்ததையே தமிழிலும் செய்தார்கள். சந்திரமுகி விஜயநகரத்துத் தெலுங்குக்காரி ஆனாள். இந்தியில் அவள் வங்காளி. ஒவ்வொரு மொழியும் தன் பேயைத் தேடி அதிக தூரம் போகவில்லை, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கூட்டிவந்திருக்கிறது. சரித்திரத்தில் வைத்துப் பார்த்தாலும் பிழை சொல்ல முடியாது. தஞ்சாவூர் நாயக்கர் அவையில் தெலுங்குக்கு உயர்ந்த இடம் இருந்தது. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆடியவர்கள் தெலுங்குப் பதங்களுக்கு ஆடினார்கள். மறுபக்கம், தஞ்சை நால்வர் என்ற நடன ஆசான்களில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் போய் மன்னர் சுவாதித் திருநாள் அவையில் இருந்தவர். (சந்திரமுகி வடிவேலுவை நினைத்துச் சிரிக்க வேண்டாம், அவருக்கும் பிறகு வருகிறேன்.) தஞ்சாவூர் ஆட்டக்காரி ஒருத்தி மலையாள வீட்டில் இருந்தாள் என்பதும், தெலுங்கு ஆட்டக்காரி தமிழ் அரண்மனையில் இருந்தாள் என்பதும் நடந்திருக்கக்கூடியவையே.

ஆனால் நம் காதுக்கு? யாழ்ப்பாணத்தவனுக்குத் தெலுங்கு என்றால் தியாகராசர் கீர்த்தனை. சங்கீத ரீச்சர் வீட்டு விறாந்தையில் பாயில் உட்கார்ந்து, பொருள் தெரியாமல் தொடையில் தாளம் போட்டுப் பாடமாக்கிய மொழி. சந்திரமுகியில் கங்காவாக வரும் ஜோதிகா “ராரா” என்று ஆடத் தொடங்கியதும் என் கை தானாகத் தாளம் போட்டது. பயம் வரவில்லை. சென்னையிலிருந்து பார்ப்பவருக்கு வந்திருக்கலாம், அங்கே தெலுங்கு அடுத்த தெரு. நமக்கு அடுத்த தெரு மலையாளம்.

இதை நான் உணர்ந்த இடத்தைச் சொல்கிறேன். மணிச்சித்திரத்தாழை நான் முதலில் பார்த்தது 1997 இல், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில். அந்த நாட்களில் அங்கே தங்கியவர்கள் எல்லோரும் எதற்கோ காத்திருந்தவர்கள். ஒருவருக்கு விசா, ஒருவருக்கு ஏஜென்சிக்காரரின் தொலைபேசி அழைப்பு, ஒருவருக்கு ஊருக்குப் போகும் கப்பல். இருட்டிய பிறகு வெளியே இறங்க அச்சம். முன்னறையில் ஒரு ரி.வி.யும் டெக்கும் இருந்தன. யாரோ கொண்டுவந்த கசெற்றைப் போட்டார்கள். மலையாளப் படம், துணைத்தலைப்பும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் வேறு வேலை இல்லாததால் இருந்தோம்.

கால் மணிநேரத்துக்குள் எல்லோருக்கும் படம் விளங்கத் தொடங்கிவிட்டது. பருத்தித்துறைப் பக்கத்து அம்மா ஒருவர், “இவர்கள் எங்கள் ஊர்ப் பேச்சையல்லவா இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பேசுவதை அவர்கள் ‘பறைவது’ என்பது போலத்தான் எங்கள் பெத்தாச்சியும் “சும்மா பறையாமல் இரு” என்று அதட்டுவார். சென்னைக்குப் போன யாழ்ப்பாணத்தவர்களில் “நீங்கள் கேரளாவா?” என்ற கேள்விக்கு ஆளாகாதவர்கள் குறைவு. ஒல்லாந்தர் 1707 இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது நம்மை மலபார்க் குடிகள் என்றே எழுதிவைத்தார்கள். அந்த உறவு மெய்யோ பொய்யோ, காது அதை ஒப்புக்கொள்கிறது.

பிறகு அந்தக் கட்டில் காட்சி வந்தது. சந்திரமுகியிலும் இருக்கிறது, உமக்கு நன்றாகத் தெரியும். மலையாளத்தில் அது இப்படி நடக்கிறது. அல்லி என்ற உறவுப் பெண்ணுக்குக் கல்யாணம், நகை எடுக்கப் போக வேண்டும். கங்கா புறப்பட்டு நிற்கிறாள். சன்னி சொல்லிக்கொடுத்தபடி நகுலன் அவளைப் போக வேண்டாம் என்று தடுக்கிறான். அவள் ஏன் என்று கேட்கிறாள். அவன் காரணம் சொல்லாமல் திரும்பவும் தடுக்கிறான். அவள் மீண்டும் கேட்கிறாள். குரல் உயரவில்லை, கொஞ்சம் கனக்கிறது, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையாளம் மெல்லக் கழன்று விழுந்து தமிழ் வருகிறது: என்னை இங்கிருந்து எங்கேயும் போக விடமாட்டாயா என்று. அதற்குப் பிறகுதான் கண்கள் மாறுகின்றன, அதற்கும் பிறகுதான் கை கட்டிலைத் தூக்குகிறது.

முன்னறையில் இருந்த நாங்கள் அதுவரை மலையாளத்தைத் துரத்திப் பிடித்து விளங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று துரத்த வேண்டியிருக்கவில்லை. பேய் எங்கள் மொழியில், எங்களிடமே கேட்பது போலக் கேட்டது. நான்கு மாதமாகக் காத்திருந்த பொடியன் ஒருவன் எழும்பிப் போய்ப் படிக்கட்டில் நின்றான். மற்ற எல்லோருக்கும் அந்தப் பெண் பேய். எங்களுக்கு அவள் வீட்டுக்குப் போக முடியாமல் பிறத்தியார் வீட்டில் அடைபட்ட ஒருத்தி. படத்தை எடுத்தவர்கள் நினைத்துப் பார்த்திராத ஒரு பார்வை இது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாசல் படத்துக்குள் திறந்துதான் இருக்கிறது. சந்திரமுகியில் அது இல்லை.

அந்தக் குரலைப் பற்றி ஒரு செய்தி. கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி, நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ்க் கலைஞர். இரண்டும் ஒருவரே என்று நெடுங்காலம் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் உடம்பு, இரண்டு குரல், இரண்டு மொழி. தையல் தெரியாமல் இணைத்தவருக்குத்தான் பாராட்டு.

வீட்டையும் பார்க்க வேண்டும். மலையாளப் படத்தில் பல காட்சிகள் பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் எடுக்கப்பட்டவை. பத்மநாபபுரம் ஒரு வேடிக்கையான இடம்: நிலம் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம். தமிழ்ப் பேய் குடியிருக்க அதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது. அந்த வீட்டின் முற்றமும், தாழ்ந்த கூரையும், தலையைக் குனிந்து நுழையும் கதவுநிலையும் நடுவில் முற்றம் வைத்த நம் நாற்சார் வீட்டுக்கு அண்ணன் முறை. பூட்டிக் கிடக்கும் பகுதிக்குத் ‘தெக்கினி’ என்று பெயர், தெற்குப் பக்கத்து அறைகள். சந்திரமுகியின் வேட்டையபுரம் அரண்மனையில் படிக்கட்டே ஒரு தெரு அகலம். அப்படியொரு ஜமீன் மாளிகை நம் குடாநாட்டில் எவரும் கண்டதில்லை. அங்கே பேய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?

பூட்டிய அறை என்றால் நமக்கு வேறு பொருள் உண்டு. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் கனடாவில். போகும்போது ஓர் அறையில் சாமான் எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டிவிட்டு, மிச்ச வீட்டை ஒரு குடும்பத்திடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போனார். உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க ஆமைப்பூட்டுக்கு எண்ணெய் பூசி, பொலித்தீன் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். பதினெட்டு வருடம். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த சிறுமி, பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கதவில் காதை வைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே யாரோ நடக்கிறார்கள் என்பாள். ஒருநாள் வீட்டுக்காரர் போனில் கேட்டுக்கொண்டதால் நான் திறந்து பார்த்தேன். பூச்சி உருண்டை வாசம், ஒரு தையல் மெஷின், துணி மூடிய கதிரைகள், கறையான் ஏறிய ஒரு கல்யாண அல்பம். எட்டிப் பார்த்த சிறுமியின் முகத்தில் பெரிய ஏமாற்றம். பிறகு அல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் யார், அவருக்கு என்ன நடந்தது என்று மாலை வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கங்காவும் அப்படித்தான். மலையாளப் படத்தில் பாசில் முதல் ஒரு மணிநேரத்தின் பெரும்பகுதியை இதற்கென்றே செலவழிக்கிறார். தாயும் தகப்பனும் கல்கத்தாவில் இருக்க, ஊரில் பாட்டியோடு தனியாக வளர்ந்த பெண் கங்கா. பாட்டி சொன்ன கதைகளே அவளுக்கு விளையாட்டுத் தோழர்கள். கணவன் நல்லவன், ஆனால் வேலையில் மூழ்கியவன். அவளோ கவிதை வாசிப்பவள். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் படலையடியில் போய்ப் பாதையைப் பார்த்து நிற்கும் ஒரு மனத்தைப் பற்றிய பாட்டு அந்தப் படத்தில் இருக்கிறது. எழுதியவரும் மது முட்டம்தான். அந்தப் பாட்டு வரும்போது பேயுமில்லை, பயமுமில்லை. நோய்க்கு வேர் அங்கேதான் இருக்கிறது. எதிர்வீட்டில் இப்போது குடியிருக்கும் கவிஞர் மகாதேவன், அவள் கண்ணுக்கு ஒருநாள் இராமநாதனாகத் தெரியப்போகிறார் என்றால் அதற்கு வேண்டிய அத்தனையும் முதலிலேயே வைக்கப்பட்டுவிட்டது.

இத்தனையும் நடக்கும்போது மோகன்லால் எங்கே என்று கேளும். வரவில்லை! அந்தக் காலத்தில் மலையாளத்தின் உச்சியில் இருந்த நடிகர், படத்தின் மூன்றில் ஒரு பங்கு கழியுமட்டும் வெளியே நிற்கிறார். வந்தபிறகும் முதலில் கோமாளித்தனம்தான் செய்கிறார். சந்திரமுகியில் உளமருத்துவர் சரவணனாக வரும் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் இறங்கிவிடுகிறார். அவர் ரஜினி, 2002 இல் பாபா சரிந்தபின் மூன்று ஆண்டு கழித்து வருகிறார், சனங்கள் அவரைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? நானும் வாங்கினேன். ஆனால் அந்த இருக்கையில் சரவணன் உட்கார்ந்ததும் கங்கா எழும்ப வேண்டியதாகிவிட்டது. அவளுடைய சிறுபிராயம், தனிமை, வாசிப்பு எல்லாம் சரவணன் விளக்கிச் சொல்லும் நோய்க்குறிப்பாகச் சுருங்கிவிட்டன. மலையாளத்தில் நாம் கங்காவோடு சேர்ந்து பூட்டைத் திறக்கிறோம். தமிழில் சரவணனோடு சேர்ந்து துப்புத் துலக்குகிறோம்.

இது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தீரானால் நான் சொல்வது விளங்கும். இரண்டு படத்திலும் முடிவில் ஒரு சடங்கு உண்டு. மந்திரம் தெரிந்த ஒருவரும் உளமருத்துவரும் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறார்கள். செத்தவள் தன் பழியைத் தீர்த்துவிட்டதாக நம்பவைக்க வேண்டும். மலையாளத்தில் சங்கரன் தம்பியின் இடத்தில் கழுத்தைக் கொடுப்பவன் நகுலன், கங்காவின் கணவன். அவள் கையில் வாள். முகத்தில் புகை வீசப்படும் அந்தக் கணத்தில் பலகை புரள்கிறது, அவன் கீழே போகிறான், பொம்மை மேலே வருகிறது, அவள் அதை வெட்டுகிறாள். ஒரு விநாடி பிந்தினாலும் அவன் இல்லை. அவளைக் கவனிக்கத் தவறிய கணவன், அவளுக்காகச் சாகத் துணிந்து கிடக்கிறான். மோகன்லால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரிய நடிகர் விட்டுக்கொடுத்ததால் சின்னப் பாத்திரம் மனிதனாகிறது. தமிழில் சந்திரமுகியைக் கொன்ற அரசன் வேட்டையனின் வேடம் தரித்து ஆபத்துக்குள் போவது சரவணன். அவள் தீப்பந்தத்தோடு வர, சரவணன் பொறிக்கதவு வழியாகத் தப்ப, வேட்டையனின் பொம்மை எரிகிறது. பிரபு நடித்த கணவன் செந்தில் கதவைத் திறந்துவிடுகிற வேலையோடு நின்றுவிடுகிறார். மனைவி யாருடைய மனைவி என்று ஒரு கணம் எனக்கே மறந்துவிட்டது.

இன்னொரு பெண்ணும் தமிழுக்கு வரும் வழியில் தொலைந்துபோனாள். மலையாளத்தில் எல்லோருடைய சந்தேகமும் முதலில் விழுவது ஸ்ரீதேவி மீது. வினயா பிரசாத் நடித்தார். செவ்வாய்தோஷக்காரி என்று வாழ்க்கை கெட்டுப்போன பெண், நகுலனுக்கு உறவுமுறை. வாழாவெட்டியாக வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான் ஏதோ பிடித்திருக்கிறது என்று வீடு எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறது! நம் ஊரிலும் செவ்வாய்க் குற்றம் என்று சாதகக் கொப்பியைத் திருப்பித் தந்த வீடுகள் எத்தனை. படம் அதைப் பிரசங்கம் செய்யாமல் சந்தேகத்தைக் கொண்டே காட்டிவிடுகிறது. தமிழில் அந்த இடத்தில் தோட்டக்காரரின் பேத்தி துர்கா வருகிறாள். நயன்தாரா அழகாகத்தான் இருக்கிறார். அவர்மீது சந்தேகம் விழுவதற்கு அவர் மர்மமாக அங்குமிங்கும் நடப்பதைத் தவிர வேறு காரணமில்லை.

சந்திரமுகியை நான் தூற்றுவதாக நீர் நினைக்கக்கூடாது. சமாதான காலத்தில் நம் பட்டணத்துத் தியேட்டரில் பார்த்தேன். வாங்கு நிறைந்து, சுவரோரம் நின்று பார்த்தார்கள். வேட்டையன் வந்து கண்ணை உருட்டி “லகலக” என்றதும் கூரை பறந்தது. என் பக்கத்தில் இருந்த கிழவரும் விசிலடித்தார், நானும் அடித்தேன். வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போதுதான் உறைத்தது: ஒரு பெண்ணை உயிரோடு எரித்தவனுக்கல்லவா நாங்கள் விசிலடித்தோம். மலையாளத்தில் சங்கரன் தம்பிக்கு எவரும் கைதட்டியிருக்க முடியாது, தட்டுவதற்கு அவரிடம் எதுவும் வைக்கப்படவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், நடிப்பாகப் பார்த்தால் அந்தப் பத்து நிமிட வேட்டையன் அபாரம். சரவணனில் காணாத ரஜினி அதில் இருக்கிறார். சென்னை சாந்தி தியேட்டரில் படம் 890 நாள் ஓடியது என்பார்கள். தயாரித்ததும் சிவாஜி குடும்பம், தியேட்டரும் அவர்களுடையது என்பதை நாம் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஜோதிகாவையும் ஷோபனாவையும் ஒப்பிட்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஷோபனா, லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளின் சகோதரன் மகள், பரதத்தில் ஊறியவர். நாகவல்லியாக அவர் ஆடும்போது பைத்தியத்திலும் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி கலையவில்லை. ஜோதிகாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை, அதனால் கண்ணாலும் முகத்தாலும் ஈடுகட்டினார். சில இடங்களில் கூடிப்போனது. ஆனால் கட்டில் காட்சியில் அவரும் நின்றார். முன்னே ஷோபனா செய்துவைத்துவிட்ட ஒன்றை அதே கதையில் திரும்பச் செய்ய இறங்குவதற்கே நெஞ்சு வேண்டும்.

இசையில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம். ஜி. ராதாகிருஷ்ணன் ஒரு பாட்டை ஆகிரி ராகத்தில் அமைத்தார். ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பழைய வித்துவான்கள் ஒதுக்கும் ராகம் அது. பேய்ப்படத்துக்கு அந்த ராகத்தை எடுத்தவரின் குறும்பைப் பாரும். அந்தப் பாட்டு ‘பழந்தமிழ்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. பின்னணி இசை ஜோன்சன். வித்யாசாகரின் ராரா நல்ல பாட்டு, அதை நான் மறுக்கவில்லை.

சிரிப்பு? வடிவேலு வென்றார். இதில் மட்டும் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனாலும் மலையாளத்தில் குதிரவட்டம் பப்பு செய்வதைக் கவனியும். தரை காய்ந்து கிடக்கும், அவர் தண்ணீர் நிற்பதாக நம்பித் தாண்டித் தாண்டி நடப்பார். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். இல்லாததை உண்டென்று நம்பும் மனம்தான் அதிலும் இருக்கிறது, கங்காவில் இருப்பதும் அதுவே. சிரிப்பும் பயமும் ஒரே பருத்தியில் நூற்றவை. வடிவேலு பேய்க்குப் பயப்படுகிறார், அது தனித் துணி.

மருத்துவத்தைப் பற்றியும் கேட்பீர். ஒரே இரவில் நாடகம் போட்டு இப்படியொரு நோயைத் தீர்ப்பது படத்தில்தான் நடக்கும். ஆனால் மருத்துவரும் மந்திரவாதியும் ஒரு திண்ணையில் உட்காரலாம் என்ற எண்ணம் அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை. கழிப்புக் கழிப்பதும், நூல் கட்டுவதும், கோயிலில் உரு வந்து ஆடுவதும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. நம் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் காயங்களைப் பற்றி எழுதியபோது இந்த மாதிரிச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவில்லை, ஆற்றும் வழிகளில் ஒன்றாகவே பார்த்தார். மலையாளப் படத்தில் திலகன் நடித்த பிரம்மதத்தன் நம்பூதிரி சன்னியைக் கண்டு பொறாமைப்படவில்லை, சன்னி அவரைக் கண்டு சிரிக்கவும் இல்லை. இருவரும் மற்றவரின் வித்தையை மதித்துப் பேசுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் மணிச்சித்திரத்தாழைப் புதுக்கித் திரும்பவும் தியேட்டர்களில் வெளியிட்டார்கள். ஆகவே பழைய கசெற்றில் நாங்கள் பார்த்தது போல மழை பெய்யும் படத்தில் நீர் பார்க்க வேண்டியதில்லை. எடுத்துப் பாரும், ஆனால் துணைத்தலைப்பைப் போட வேண்டாம். முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும், பிறகு பெத்தாச்சியின் காது உமக்கு வந்துவிடும். கட்டில் காட்சிக்கு வந்ததும் இரண்டு மூன்று தரம் திருப்பிப் போட்டு, கங்கா எந்தச் சொல்லில் மலையாளத்தை விட்டுத் தமிழுக்குள் வருகிறாள் என்று பார்த்து எனக்கு எழுதும். இத்தனை வருடத்தில் நான் மூன்று பேருக்கு மூன்று வெவ்வேறு சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.